முந்தைய குற்றமும் இன்றைய வழக்கும்



2013ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைக்குத் தெற்கேயுள்ள புறநகர் நீதிமன்றம் ஒன்றின் தாழ்வாரத்தில் ஓர் அம்மையார் என்னை ஒரு கேள்வி கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. சட்டம் படித்தவன் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் அக்கேள்விக்கு விடை வரலாற்றிலேதான் உள்ளது என்பதைப் பின்னர் அறிந்தேன். அதனை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நடந்தது இது. மார்கழி மாதத்து விடியற்காலையில், தாம்பரத்திற்குக் கிழக்கே ஒரு தெருவில், வாசலில் கோலமிட்டுக் கொண்டிருந்த அம்மையார் ஒருவரின் கழுத்திலிருந்து ஐந்து சவரன் தாலிச் சங்கிலியை இருவர் பறித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மறைந்தனர். சில நாட்களில் போலீசார் ஓர் இளைஞனைக் கைது செய்தனர். அவன் என் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவனுடைய தாயார் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டிற்கு வந்தார். அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்த ஒரு தாள் இருந்தது. அது அவனுடைய மாற்றுச் சான்றிதழ். 'மாணவனின் நடத்தை' என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தது; எழுத்து என்னுடையது.

"சார், இதை நீங்கதானே எழுதுனீங்க? கோர்ட்டுக்கு வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க, போதும்" என்றார்.

வருவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் இலவசச் சட்ட உதவியின் வாயிலாக அவனுக்கு அமர்த்தப்பட்டிருந்த இளம் வழக்கறிஞர் என்னைத் தடுத்துவிட்டார். "சார், அவனுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு செல்போன் திருட்டு வழக்கில் தண்டனை உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறையில் இருந்து வந்தவன். இந்த வழக்கில் அதை அரசுத் தரப்பு சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. ஆனால் நீங்கள் கூண்டில் ஏறி 'நல்லவன்' என்று சொன்ன அந்த நொடியே கதவு திறந்துவிடும். அதற்கு மறுப்பாகப் பழைய தண்டனையை எடுத்து வைக்க அவர்களுக்கு உரிமை வந்துவிடும். உங்கள் நல்ல வார்த்தையே அவனுக்குக் கேடாக முடியும்" என்றார்.

எனக்கு வியப்பு ஒரு பக்கம், வருத்தம் ஒரு பக்கம். அவன் தண்டனை பெற்றவன் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் சாட்சி சொல்லவில்லை. பின்வரிசை பெஞ்சில் அமர்ந்து விசாரணையைப் பார்த்தேன். பறித்தவர்கள் இருவரும் தலைக்கவசம் அணிந்திருந்தனர். அம்மையார் அவனை அடையாளம் காட்டியபோதும் குறுக்கு விசாரணையில் அவர் உறுதி தளர்ந்தது. சங்கிலி மீட்கப்படவில்லை. ஐயத்தின் பயனை எதிரிக்கு அளித்து நீதித்துறை நடுவர் அவனை விடுதலை செய்தார். வெளியே வந்தபோதுதான், சங்கிலியைப் பறிகொடுத்த அம்மையார், என்னை யாரென்று அறியாமலே, அருகில் நின்ற பெரியவர் என்ற முறையில் கேட்டார்: "இவன் பழைய திருடன்னு போலீஸ்காரரே சொன்னாரு. அதை உள்ள யாருமே ஏன் சார் சொல்லல?"

இதுதான் கேள்வி. திருடியவன் மீண்டும் திருடுவான் என்பது உலக வழக்கு. அந்த உலக வழக்கிற்கு நீதிமன்றம் ஏன் கதவை அடைத்தது?

நம் இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே கோவலன்மீது பழியைச் சுமத்துகிறான். காவலர் கோவலனைக் கண்டதும், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? இவன் திருடியதைக் கண்டேன் என்று எவரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று களவு நூலின் செய்திகளை விரிக்கிறான். முன்னாளில் பிற கள்வர் செய்த அரிய திருட்டுகளை எடுத்துக் கூறுகிறான். காவலருள் ஒருவனும் தான் ஓர் இரவில் கண்ட வேறொரு கள்வனின் கதையைச் சொல்கிறான். கதைகள் அனைத்தும் பிறருடையவை. குற்றமோ கோவலன்மீது ஏறிவிடுகிறது. சிலம்பு கையில் இருந்தது என்பதும், கள்வர் இப்படிப்பட்டவர் என்ற பேச்சும் சேர்ந்து ஓர் உயிரைக் கொன்றன. ஒரு செயலைச் செய்தானா என்ற வினாவின் இடத்தில், எத்தகையவன் என்ற வினா வந்து அமர்ந்தால் விளைவது யாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி ஆங்கிலேயர் காலத்திற்கு வருவோம். 1836ஆம் ஆண்டில் தக்கர்களை ஒடுக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குறிப்பிட்ட கொலையையோ கொள்ளையையோ மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மெய்ப்பித்தாலே ஆயுள் தண்டனை விதிக்கலாம் என்றது அது. முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1871ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அது மேலும் ஓர் அடி முன்சென்று, கூட்டத்திலிருந்து குலத்திற்குத் தாவியது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றத்திற்கு அடையாளம் என்று கொண்டு, அக்குலத்தாரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றி, அவர்கள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த அது வழிசெய்தது.

வியப்பு யாதெனில், அடுத்த ஆண்டே, அதாவது 1872இல், இந்தியச் சாட்சியச் சட்டம் பிறந்தது. இரு சட்டங்களும் நிறைவேறிய காலத்தில் வைசிராய் அவையின் சட்ட உறுப்பினராக இருந்தவர் சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். சாட்சியச் சட்டத்தை வரைந்தவரும் அவரே. எதிரி தீய நடத்தை உடையவன் என்பது வழக்கிற்குத் தொடர்பற்றது என்று அச்சட்டத்தின் 54ஆம் பிரிவு கூறியது. ஆனால் அதே பிரிவு, அவன் முன்னர்த் தண்டனை பெற்றவன் என்பது தொடர்புடையது என்றும் கூறியது! ஊரார் அவனைத் தீயவன் என்று சொல்லக்கூடாது. பழைய தீர்ப்பு மட்டும் சொல்லலாம். அந்நாளில் ஒரு கொள்ளை வழக்கில் எதிரியின் பழைய தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீதிபதியின் முன்பும் ஜூரிகளின் முன்பும் அடுக்க இயன்றது. அவ்வாறு அடுக்கியபின், இன்றைய குற்றத்திற்குச் சான்று எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

இக்குறையை 1891ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நீக்கிற்று. 54ஆம் பிரிவு மாற்றி எழுதப்பட்டது. எதிரியின் முந்தைய தீய நடத்தை தொடர்பற்றது. பழைய தண்டனையும் தீய நடத்தைக்கான சான்றே ஆதலின் அதுவும் அவ்வாறே. எதிரி தன் நன்னடத்தைக்குத் தானே சாட்சி கொண்டுவந்தால் மட்டும், மறுப்பாக அதனைக் கொண்டுவரலாம். இளம் வழக்கறிஞர் என்னைத் தடுத்தது 1891இல் எழுதப்பட்ட இந்த ஒரு வாக்கியத்தை நினைந்தே ஆகும்.

அப்படியானால் எதிரியின் பிற குற்றங்கள் ஒருபோதும் நீதிமன்றத்தில் நுழையாவோ என்று கேட்கலாம். நுழையும். ஆனால் வேறொரு வாயில் வழியாக நுழைய வேண்டும். 'இவன் இத்தகையவன், ஆகவே இதையும் செய்திருப்பான்' என்பது அடைக்கப்பட்ட வாயில். 'இச்செயல் தற்செயலன்று', 'இவன் அறிந்தே செய்தான்', 'இதைச் செய்தவன் இவனே' என்று காட்டப் பிற செயல்கள் உதவுமாயின் அந்த வாயில் திறந்துள்ளது. சாட்சியச் சட்டமே இதற்கு எளிய எடுத்துக்காட்டுத் தருகிறது. காப்பீட்டுப் பணத்திற்காகத் தன் வீட்டைத் தானே கொளுத்தினான் என்று ஒருவன்மேல் குற்றச்சாட்டு. அவன் வெவ்வேறு வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருந்தான், ஒவ்வொன்றையும் காப்பீடு செய்தான், ஒவ்வொன்றிலும் தீப்பற்றியது, ஒவ்வொரு முறையும் பணம் பெற்றான். இவையனைத்தையும் கூறலாம். ஏன்? அவன் தீயவன் என்பதற்காக அன்று. தீ தானாகப் பற்றியதன்று என்பதற்காக.

1915ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் என்பவன்மேல் நடந்த கொலை வழக்கு இதற்கு உலகறிந்த சான்று. அவன் மணந்த பெண்ணொருத்தி குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தாள். அது விபத்து என்றான். 1912, 1913, 1914 ஆகிய ஆண்டுகளில் அவனை மணந்த மூன்று பெண்களும் அவ்வாறே தொட்டியில் இறந்தனர் என்பதை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. ஒரு முறை விபத்து நேரலாம். மும்முறை ஒரே விதமாக நேருமோ?

நம் நாட்டிலேயே நுட்பமான வழக்கு ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டில் வங்காளத்து ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டார். அவர் பணமும் கொள்ளை போயிற்று. அறையில் கிடந்த ஒரு பஞ்சாங்கத்தின் மீது கறை படிந்த விரல் அடையாளம் ஒன்று இருந்தது. அதே ஆண்டில்தான் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே பாதுகாக்கப்பட்ட பழங்கைதிகளின் ரேகைகளோடு ஒப்பிட்டபோது, அது சரண் என்னும் முன்னாள் பணியாளின் வலக்கைப் பெருவிரலோடு பொருந்திற்று. அவன் முன்னர் அதே மேலாளரிடம் திருடித் தண்டனை பெற்றவன். 1898இல் விசாரணை நடந்தது. பழைய தண்டனைப் பதிவே அவனைக் காட்டிக் கொடுத்தது. ஆனால் அவன் திருடும் இயல்பினன் என்பதற்காக அன்று, ரேகை அவனுடையது என்பதற்காக. அது மட்டுமா? ரேகை அவன் அங்கிருந்து பொருள் எடுத்தான் என்பதையே மெய்ப்பிக்கும், கொன்றான் என்பதை மெய்ப்பிக்காது என்று கருதித் திருட்டிற்கு மட்டுமே தண்டனை விதித்துக் கொலைக் குற்றத்தினின்று அவனை விடுவித்தனர். சான்று எவ்வளவு தூரம் செல்கிறதோ அவ்வளவு தூரமே தீர்ப்பும் செல்ல வேண்டும் என்ற ஒழுங்கை அந்தச் சிறிய வழக்கில் காண்கிறோம்.

மற்றுமொரு பாதுகாப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய தண்டனை உள்ளவனுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் இன்றைய குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் வரையில் பழைய தண்டனை பற்றிய குற்றச்சாட்டைப் படித்துக் காட்டலாகாது என்பது நடைமுறைச் சட்டத்தின் விதி. முதலில் செயல், பிறகே ஆள்.

இத்துணைச் சீரிய விதி 1891இல் நீதிமன்றத்திற்குள் நிலைபெற்றது. ஆனால் நீதிமன்றத்திற்கு வெளியே நடந்தது யாது? இருபது ஆண்டுகள் கழித்து, 1911ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின் மூலம் குற்றப் பரம்பரை முறை நம் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. குறவர், கள்ளர் முதலிய பல சமூகத்தாரின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. கைரேகை வைக்க வேண்டும். இரவில் குறித்த இடத்தில் இருக்க வேண்டும். ஊர் மாற அனுமதி பெற வேண்டும். மதுரைச் சீமையில் மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். பதினாறு பேர் உயிர் துறந்தனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார்; அவர்கள் அன்போடு அவரை 'ரோசாப்பூ துரை' என்றனர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட தலைவர்கள் சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது.

ஒரே நாட்டில், ஒரே ஆட்சியில், நீதிமன்றத்துக் கூண்டில் நிற்பவனின் பழைய குற்றத்தைக்கூடச் சொல்லலாகாது என்றனர். குற்றமே செய்யாத குழந்தையையும் பிறப்பினால் பதிவேட்டில் ஏற்றலாம் என்றனர். வாயில் அடைபட்டது மாளிகையின் முன்பக்கத்தில் மட்டுமே. பின்பக்கம் திறந்தே கிடந்தது.

இன்றும் அது முற்றிலும் அடைபட்டதென்று கூறுதற்கில்லை. சென்னை மாகாணம் 1948இல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. காவல் நிலையங்களில் பழங்குற்றவாளிகளின் பதிவேடு உண்டு. நாம் அன்றாடம் வழங்கும் 'கேடி' என்ற சொல் அப்பதிவேட்டிலிருந்து வந்ததே. 'நோன் டெப்ரடேட்டர்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் இரண்டும் சேர்ந்து தமிழ்ச் சொல்லாகிவிட்டன. நன்னடத்தைப் பிணையம் கேட்கும் நடவடிக்கையில் ஒருவனைப் பற்றிய பொதுப் பேச்சே சான்றாக ஏற்கப்படும். ஜாமீன் மனுவில் பழைய வழக்குகள் எண்ணப்படும். 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தின்கீழ் ஒருவனைப் பன்னிரண்டு திங்கள் வரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். அங்கும் பழைய வழக்குகளே பெரிதும் பேசும். 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் சாதியின் பெயராலும் பழைய குற்றப் பரம்பரையின் பெயராலும் இன்னும் எஞ்சியிருந்த வேற்றுமைகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. ஒழிந்தது என்று நாம் எண்ணிய சட்டத்தின் சொற்கள் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும் சிறைக் கையேடுகளில் உயிரோடிருந்தன!

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் 2024 ஜூலை முதல் நாளோடு விடைபெற்றது. அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நான் கூறிய விதி மாறவில்லை. பழைய 54ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 49ஆம் பிரிவாக நிற்கிறது. எண் மாறியது, பொருள் அதுவே.

இப்போது அந்த அம்மையாரின் கேள்விக்குத் திரும்புவோம். அவர் பக்கத்தில் நியாயமில்லை என்று நான் கூறமாட்டேன். இந்த விதியின் நிழலில் உண்மைக் குற்றவாளியும் ஒதுங்க முடியும். என் மாணவன் அச்சங்கிலியைப் பறித்தானா இல்லையா என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. பறித்திருந்தால், அவனைக் காத்தது இந்த விதியுந்தான். அதை மறைத்துப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். போலீசார் அவனை முதலில் தேடிச் சென்றது ஏன்? பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. தேடத் தொடங்கும் இடமாகப் பழைய குற்றம் இருப்பதில் தவறில்லை. தேடல் முடியும் இடமும் அதுவே ஆகிவிட்டால், பெயர் பதிவாகாத மெய்த்திருடனை யாரும் தேடவே மாட்டார்கள். அப்போது சங்கிலியை இழந்தவர்க்கும் நீதி இல்லை. தலைக்கவசத்திற்குள் இருந்த முகம் எது என்பதுதான் வழக்கு; அதற்கு நான்காண்டு முந்தைய செல்போன் விடை சொல்லாது.

இதைப் பிறர்க்கு உரைக்கும் தகுதி எனக்கு உண்டா என்றும் நினைத்ததுண்டு. ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்தவன் நான். ஆனால் வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால் யாருடைய பையை முதலில் திறந்தேன்? ஒருமுறை அகப்பட்ட சிறுவனின் பையைத்தான். எத்தனையோ நாட்களில் பேனா வேறிடத்தில் கிடைத்தது. திறந்த பையை மூடி அவன் கையில் கொடுத்ததோடு சரி. வகுப்பின் முன்னால் நான் அவனிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மற்ற நாற்பது பேரும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள். நான் கற்பித்த வரலாற்றுப் பாடங்களை அவர்கள் மறந்திருக்கலாம். இந்தப் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

வழக்கு முடிந்த சில நாட்களில் அத்தாயார் மீண்டும் வந்து அந்த மாற்றுச் சான்றிதழின் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்துச் சென்றார். மகனுக்கு எங்கேனும் வேலை சொல்லிவிடும்படி கேட்டார். ஒரு கடையில் சொன்னேன். 'பையன் எப்படி?' என்றார் கடைக்காரர். சாட்சிக் கூண்டில் சொல்லாத சொல்லை அங்கே சொன்னேன். பழைய தண்டனையையும் சேர்த்தே சொன்னேன். அவர் சற்று யோசித்து, நாளை வரச்சொல்லுங்கள் என்றார். அவன் அங்கே நான்கு ஆண்டுகள் வேலை செய்தான்.

தாழ்வாரத்தில் கேட்ட அம்மையார் இவ்வுரையைக் கேட்டுக் கொண்டிருக்கிறாரோ, அறியேன். அம்மா, நீங்கள் அன்று கேட்டதற்கு என்னால் இயன்ற விடை இதுதான். உங்கள் சங்கிலி கிடைக்கவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.